சான்றும் பொறுப்பும்: எஸ். வையாபுரிப்பிள்ளையின் ஆய்வு வாழ்க்கை

முனைவர் பட்ட ஆய்வில் சேர்வோர் அனைவரும் ஆய்வு அறம், வெளியீட்டு அறம் ஆகியவற்றை ஒரு தனிப்பாடமாகப் பயில வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டின் இறுதியில் விதித்தது. இரண்டு கிரெடிட், 30 மணி நேரம், ஆறு அலகுகள் என்பது அப்பாடத்தின் அளவு. அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த கருத்துத்திருட்டுத் தடுப்பு ஒழுங்குவிதிகள், ஆய்வேட்டின் ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடந்தால் என்ன செய்வது என்பதைப் படிநிலைகளாக வகுத்திருந்தன. இவை தேவையானவையே. ஆயினும் ஒப்புமையை அளக்கும் மென்பொருள் சொற்களின் பொருத்தத்தைக் காட்டுமேயன்றி, ஒரு சான்று தாங்கக்கூடிய அளவுக்குத்தான் முடிவு கூறப்பட்டுள்ளதா என்பதைக் காட்டாது. முன்னோர் உழைப்பு ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளதா, ஐயமானது ஐயமாகவே வைக்கப்பட்டுள்ளதா, மாறுபட்ட சான்று மறைக்கப்பட்டுள்ளதா என்னும் வினாக்கள் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. தமிழ்த்துறைகளில் இப்பாடத்தை நடத்துவோர் ஆய்வகங்களில் நிகழ்ந்த முறைகேடுகளையே எடுத்துக்காட்டாகக் கூறி அமைய வேண்டியதில்லை. அகராதி, பதிப்பு, காலக்கணிப்பு ஆகிய மூன்று துறைகளிலும் இவ்வினாக்களை எதிர்கொண்ட ஒருவரின் வாழ்க்கை நம்மிடமே உள்ளது. எஸ். வையாபுரிப்பிள்ளை அவற்றுள் சிலவற்றுக்கு முன்மாதிரியான விடையளித்தார். சிலவற்றில் தாமே வகுத்த அளவுகோலினின்று விலகினார். இரண்டையும் சேர்த்துக் காண்பதே அவருக்குச் செய்யும் நியாயம்.

வழக்கறிஞராகத் தொடங்கிய வாழ்க்கை

வையாபுரிப்பிள்ளை 1891ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் திருநெல்வேலி மாவட்டத்துச் சிக்கநரசய்யன் கிராமத்தில் பிறந்தார். பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் பயின்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர்த் திருவனந்தபுரம் சட்டக்கல்லூரியில் சட்டம் கற்று அந்நகரிலும், அதன்பின் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராகப் பணிபுரிந்தார். தமிழாசிரியப் பணியோ மடங்களின் பாடமரபோ அவரை உருவாக்கவில்லை. இதனை அவருடைய குறையாகக் கூறியோர் உண்டு. ஆனால் அவருடைய ஆய்வுநடையை விளங்கிக்கொள்ள இச்செய்தி இன்றியமையாதது. எது சான்று, எது சான்றாகாது, நேர்ச்சான்றுக்கும் சூழ்நிலைச் சான்றுக்கும் உள்ள வேறுபாடு யாது என்னும் வினாக்கள் நீதிமன்றத்தில் அன்றாடம் எழுபவை. இலக்கிய வரலாறு எழுத வந்தபோது இப்பயிற்சியை அவர் உடன் கொண்டுவந்தார். வழக்கறிஞர்க்கு உரிய இன்னொரு பழக்கமும் உடன் வந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

திருவனந்தபுரத்து ஆண்டுகளில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையுடன் அவருக்கு நெருங்கிய நட்பு ஏற்பட்டது. கவிமணியைக் கவிஞராக மட்டுமே அறிந்தோர் பலர். காந்தளூர்ச்சாலை பற்றிக் கல்வெட்டுகளைக் கொண்டு ஆராய்ந்த வரலாற்று ஆய்வாளரும் அவரே. கல்லில் உள்ளதைப் படித்து, படித்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூறாத அவருடைய பழக்கத்துக்கும் வையாபுரிப்பிள்ளையின் தொடக்ககால ஆய்வு மனப்பான்மைக்கும் ஒற்றுமை காணலாம். பேராசிரியர் சுந்தரம்பிள்ளையின் மனோன்மணீயத்தை 1922இல் அவர் பதிப்பித்தார். தொழிலால் வழக்கறிஞர், விருப்பத்தால் பதிப்பாசிரியர் என்றிருந்த அந்நிலை 1926ஆம் ஆண்டு நவம்பரில் முடிவுக்கு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக அவரை அமர்த்தியது.

பேரகராதியும் அதன் குறியீடுகளும்

தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் தொடங்கியது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் பாதிரியாரான சாண்ட்லர் அதன் முதற்பதிப்பாசிரியர். மு. இராகவையங்கார் தொடக்கமுதல் தலைமைத் தமிழ்ப் பண்டிதராக இருந்தார். ஒரு லட்ச ரூபாயில் முடிந்துவிடும் எனத் திட்டமிட்ட பணி நான்கு லட்சத்தைக் கடந்தது. 1924இல் முதற்பகுதி வெளிவந்தது. வையாபுரிப்பிள்ளை பொறுப்பேற்றபோது தொடக்கப் பகுதிகள் மட்டுமே அச்சாகியிருந்தன. அடுத்த பத்தாண்டுகளில் எஞ்சிய அனைத்தும் அவருடைய பார்வையில் அச்சேறி, 1936இல் ஆறு தொகுதிகளும் நிறைவுற்றன. அவற்றில் உள்ள சொற்கள் 1,04,405. 1939இல் வந்த அநுபந்தம் மேலும் 13,357 சொற்களைச் சேர்த்தது.

இவ்வெண்ணிக்கை பலராலும் எடுத்துக் கூறப்படுவது. ஆய்வு அறம் பற்றிப் பேசுவோர் எண்ணிக்கையைவிட அகராதியின் ஒவ்வொரு பதிவிலும் உள்ள சிறு குறியீடுகளையே கருத வேண்டும். ஒரு சொல்லுக்குப் பொருள் கூறியதும், அப்பொருள் எந்நூலில் எவ்விடத்தில் வருகிறது என்பது பிறைக்குறிக்குள் தரப்படும். இலக்கிய ஆட்சி கிடைக்காது நிகண்டில் மட்டும் உள்ள பொருளாயின், திவாகரமா, பிங்கலமா என்பது குறிக்கப்படும். இலக்கியத்திலும் இல்லை, நிகண்டிலும் இல்லை, வின்சுலோவின் அகராதியில் மட்டும் காணப்படுகிறது எனில், வின்சுலோவின் பெயர்க்குறி நிற்கும். யாழ்ப்பாண வழக்கு, நாஞ்சில்நாட்டு வழக்கு, திருநெல்வேலி வழக்கு, பொதுப் பேச்சுவழக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உள்ளன. பயனாளர் ஒரு பதிவைக் கண்டவுடன், இப்பொருளுக்கு எவர் பொறுப்பு என்பதை அறிந்துகொள்கிறார். அகராதிக் குழு தானே கண்டறியாத ஒன்றைத் தன் கண்டுபிடிப்பாகக் காட்டவில்லை.

வின்சுலோவின் குறி இன்னொரு வரலாற்றையும் உள்ளடக்கியது. 67,452 சொற்களைக் கொண்ட அவ்வகராதி 1862இல் வெளிவந்தபோது, யாழ்ப்பாணத்தில் நைட் பாதிரியார் திரட்டி வைத்திருந்த கையெழுத்துத் தொகுப்பு அதற்கு ஓர் அடிப்படை என்பதை வின்சுலோ முகப்பிலேயே பதிவுசெய்தார். நைட் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இறந்துவிட்டவர். தம் உரிமையைக் கேட்க வரக்கூடியவர் அல்லர். நைட்டை வின்சுலோ மறைக்கவில்லை. வின்சுலோவைப் பேரகராதி மறைக்கவில்லை. அகராதிக்கலையில் முன்னோர் தொகுத்ததை எடுத்துக்கொள்வது தவிர்க்க இயலாதது. எடுத்துக்கொண்டதைச் சொல்வதா, விழுங்கிவிடுவதா என்பதில்தான் வேறுபாடு பிறக்கிறது. பேரகராதிக்கு வையாபுரிப்பிள்ளை எழுதிய முன்னுரை, நிகண்டுகள் தொடங்கி வீரமாமுனிவரின் சதுரகராதி, ராட்லர், வின்சுலோ எனத் தமிழ் அகராதி வரலாற்றை வரிசைப்படுத்துகிறது. முன்னாய்வு மதிப்பீடு என இன்று ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் கடமைக்காக எழுதப்படுவது அங்கே நன்றிக்கடனாகவும் திறனாய்வாகவும் ஒருங்கே அமைந்துள்ளது.

சொற்பிறப்பிலும் இத்தகைய படிநிலைகள் உண்டு. உறுதியாகக் கருதிய மூலத்துக்கு ஒரு குறி. இருக்கலாம் எனத் தோன்றியதற்கு வேறொரு குறி. ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் தக்கதற்கு மற்றொரு குறி. உறுதி, வாய்ப்பு, ஒப்பீடு என மூன்று அளவில் கூற்றின் வலிமையைப் பிரித்துக் காட்டுவது ஆய்வில் மிக எளியதாகத் தோன்றி மிகக் கடினமாக அமையும் பயிற்சியாகும். ஆய்வேடுகளை மதிப்பிடும்போது, ஆகலாம் என எழுதவேண்டிய இடத்தில் ஆகும் என்று எழுதப்பட்டிருப்பதையே மீண்டும் மீண்டும் காண்கிறோம்.

எனினும் பேரகராதியின் சொற்பிறப்புகள் கடுமையான எதிர்ப்புக்கு உள்ளாயின. தமிழ்ச்சொற்கள் பலவற்றை வடமொழியாகக் காட்டியது, வழக்கிலுள்ள சொற்களை விட்டது எனத் தேவநேயப் பாவாணர் அதன் சீர்கேடு பற்றித் தனிநூலே எழுதினார். அக்குற்றச்சாட்டில் உண்மையில்லை எனத் தள்ளிவிட இயலாது. திராவிடச் சொற்கள் வடமொழியில் புகுந்தமை குறித்துப் பர்ரோ 1940களில் வெளியிட்ட ஆய்வுகளும், 1961இல் அவரும் எமனோவும் சேர்ந்து வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியும், கடன்வாங்கலின் திசையைப் பல இடங்களில் மாற்றிக் காட்டின. ஆனால் அத்திராவிட அகராதிக்குத் தமிழ்ச்சொல் தரவின் முதன்மை ஊற்றாக அமைந்ததும் தமிழ்ப் பேரகராதியே. சொல், பொருள், ஆட்சியிடம், பிறப்பு ஆகியவை தனித்தனியே நிறுத்தப்பட்டிருந்தமையால், பிறப்பை ஏற்காதோரும் ஏனையவற்றைப் பயன்கொள்ள முடிந்தது. முடிவு மட்டும் கூறப்பட்டுச் சான்று மறைக்கப்பட்டிருந்தால் இது நிகழ்ந்திருக்காது.

பதிப்பாசிரியரின் பொறுப்பு

அகராதிப் பணியினூடே அவர் பதிப்பித்த நூல்களின் பட்டியல் நீளமானது. நாமதீப நிகண்டு, அரும்பொருள் விளக்க நிகண்டு, களவியற்காரிகை முதலியன 1930, 1931ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அகராதிக்குத் தரவு தேடிச் சென்றவர், அச்சேறாத நிகண்டுகளைப் பயன்படுத்திவிட்டு அப்படியே விட்டுவிடாமல் பிறர்க்கும் கிடைக்கச் செய்தார். தான் கண்ட சுவடியைப் பிறர் காணாதிருப்பதே தன் ஆய்வுக்கு வலிமை என்று கருதும் மனப்பாங்கு நம்மிடையே இன்றும் மறையவில்லை. இதற்கு நேர்மாறான போக்கு அவருடையது.

புறத்திரட்டுப் பதிப்பைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். அறம், பொருள் முதலிய பாகுபாட்டில் பல நூல்களினின்றும் 1,570 செய்யுட்களைத் திரட்டிய பழந்தொகுப்பு அது. தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. ஆனால் அவர், செய்யுட்கள் எந்நூலைச் சார்ந்தவை என்பதைக் குறித்துச் சென்றார். முத்தொள்ளாயிரம், தகடூர் யாத்திரை, ஆசிரியமாலை போன்ற நூல்கள் மறைந்துவிட்டன. மறைந்த அந்நூல்களின் செய்யுட்கள் இன்னின்னவை என நாம் அடையாளங்காண முடிவது, பெயர் தெரியாத அத்தொகுப்பாசிரியர் மேற்கோள் நெறியைப் பிறழாது கடைப்பிடித்தமையால்தான். முத்தொள்ளாயிரத்தில் நமக்குக் கிடைத்துள்ளவற்றின் பெரும்பகுதி இவ்வழி வந்ததே. தம் பெயரைச் சொல்லாது பிறர் நூற்பெயரைச் சொன்ன அவ்வறிஞரை, மேற்கோள் நெறி மேனாட்டிலிருந்து அண்மையில் வந்தது என்று எண்ணுவோர்க்கு முதலில் அறிமுகப்படுத்த வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக இத்தொகுப்பை வெளியிட்ட வையாபுரிப்பிள்ளை அக்குறிப்புகளின் பெறுமதியை நன்குணர்ந்து பேணினார்.

தொல்காப்பியப் பொருளதிகார இளம்பூரணத்தின் பதிப்பில் வ.உ. சிதம்பரம்பிள்ளையின் பெயரும் வையாபுரிப்பிள்ளையின் பெயரும் இணைந்து நிற்கின்றன. சிறையாலும் வறுமையாலும் நலிந்த நிலையில் வ.உ.சி. விடாது செய்த தமிழ்ப்பணியின் ஒரு பகுதி அது. பல்கலைக்கழகப் பதவியில் இருந்தவர், பதவியும் செல்வாக்கும் இழந்திருந்த ஒருவரின் உழைப்பைத் தம் பெயருக்குள் கரைத்துக்கொள்ளவில்லை. இதனைப் பெரிய செயலாகக் கூறுவது மிகையாகத் தோன்றலாம். ஆய்வாளரின் உழைப்பில் நெறியாளரின் பெயர் முன்னிற்பதும், தரவு திரட்டிய உதவியாளர் பெயர் முழுவதும் மறைவதும் இயல்பாகிவிட்ட சூழலில் இருந்து நோக்கினால் மிகையாகத் தோன்றாது.

அதே வ.உ.சி.யே முன்னர் இன்னிலை என்னும் நூலைப் பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்ததாகக் கருதி உரையுடன் வெளியிட்டவர். தமக்குக் கிடைத்த சுவடியை அவர் நன்னம்பிக்கையுடன் ஏற்றார். அந்நூல் பிற்காலத்தது, பதினெட்டனுள் ஒன்றாகத் தக்கது கைந்நிலையே என்பது பின்னர் ஆய்வுலகில் நிலைபெற்ற கருத்து. இத்தகைய நூல்கள் தோன்றியதற்குக் காரணம் விளங்காததன்று. ஏடுகள் அழிந்துகொண்டிருந்தன, இழந்தவை பற்றிய ஏக்கம் மிகுந்திருந்தது. அவ்வேக்கத்தை நிறைவிக்கும் பொருளை எவரேனும் கொண்டுவந்து தந்தால், ஆராயாது ஏற்கும் மனநிலையும் இருந்தது. கடல்கொண்ட நாட்டைப் பாடும் செங்கோன் தரைச்செலவு என்னும் சிறுநூல் மிகப் பழமையானது எனக் கொண்டாடப்பட்டபோது, அதன் பழமையை வையாபுரிப்பிள்ளை மறுத்தார். நமக்கு விருப்பமான சான்றையே மிகுந்த ஐயத்துடன் நோக்க வேண்டும் என்னும் நெறி அவருக்கு இயல்பாக இருந்தது. தமிழின் பெருமையைக் குறைக்கிறார் என்னும் பழி அவர்மேல் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1936 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் ஆராய்ச்சித் துறையின் தலைவராக இருந்த ஆண்டுகளில், சைவ சித்தாந்த மகா சமாஜத்தின் சங்க இலக்கியப் பதிப்பு 1940இல் வெளிவந்தது. பாட்டும் தொகையும் ஆகிய அனைத்தையும் புலவர்வாரியாக அடுக்கிய பதிப்பு அது. கபிலர் பாடியவை ஒருங்கே, பரணர் பாடியவை ஒருங்கே எனக் காண அது முதன்முதலில் வாய்ப்பளித்தது. தொகைநூல்களின் பழைய அடைவைக் குலைத்த செயல் என்று இதனைக் குறைகூறலாம்; குறைகூற இடமும் உண்டு. ஆனால் ஒவ்வொரு பாட்டும் எத்தொகையில் எத்தனையாவது என்பது உடன் தரப்பட்டமையால், பழைய அடைவை எவரும் மீட்டுக்கொள்ளலாம். மாற்றத்தைச் செய்தவரே அதனை நீக்கிக்கொள்ளும் வழியையும் வைத்தார்.

காலக்கணிப்பும் கட்டுப்பாட்டின் தளர்வும்

வையாபுரிப்பிள்ளையின் பெயர் இன்று பெரும்பாலும் நினைக்கப்படுவது அவர் கூறிய காலங்களுக்காகவே. சங்கப் பாடல்களில் பழையவற்றைக் கி.பி. 2, 3ஆம் நூற்றாண்டுகளிலும், தொல்காப்பியத்தை 5ஆம் நூற்றாண்டிலும், திருக்குறளை ஏறத்தாழ 600ஆம் ஆண்டளவிலும், சிலப்பதிகாரத்தை 8ஆம் நூற்றாண்டிலும் அவர் வைத்தார். சொல்லாட்சி, வடமொழி நூற்கருத்துகளுடன் ஒப்புமை, இலக்கண வடிவங்களின் வளர்ச்சி, பிறநூல்களில் வரும் குறிப்புகள் ஆகியவை அவருடைய சான்றுகள். அவர் காலத்தில் தமிழிலக்கியத்தின் தொன்மை ஓர் அரசியல் வினாவாகவும் இருந்தது. ஆதலின் அவருடைய முடிவுகளுக்கு வந்த மறுப்புகளில் பல, சான்றை விட்டு நோக்கத்தை ஆராய்ந்தன. தமிழுக்குப் பகைவர் என்றனர்; வடமொழிச் சார்பினர் என்றனர். ஒருவரின் சான்று பிழையென நிறுவுவதற்கும் அவருடைய உள்ளம் தீயதெனக் கூறுவதற்கும் உள்ள தொலைவு ஆய்வுலகம் பேணவேண்டிய முதல் எல்லையாகும். அவ்வெல்லை அவர் திறத்தில் பலமுறை மீறப்பட்டது.

அவர் முடிவுகளில் பல இன்று நிற்கவில்லை. குறளின் காலத்தைக் கமில் சுவெலபில் 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன்தள்ளினார். தமிழி எழுத்துக் கல்வெட்டுகளின் ஆய்வு, குறிப்பாக ஐராவதம் மகாதேவன் 1965இல் வெளியிட்ட புகழூர்க் கல்வெட்டு வாசிப்பு, பதிற்றுப்பத்தின் சேரமன்னர் வரிசைக்குக் கல்லில் சான்று காட்டியது. வையாபுரிப்பிள்ளை அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே மறைந்துவிட்டார். பின்வந்த சான்றை அறியாமை எவர்க்கும் குற்றமன்று. அவருடைய கணிப்பை மறுப்போர், அவர் எச்சொல்லை, எத்தொடரை, எவ்வொப்புமையை அடிப்படையாகக் கொண்டார் என்பதைத் தெளிவாகக் கண்டு ஒவ்வொன்றாக மறுக்க இயலும். ஏனெனில் அவர் அடிப்படைகளை மறைக்கவில்லை.

ஆனால் வேறொரு குறை உண்டு. அதனைப் பின்வந்த சான்றுகளின் மேல் ஏற்றித் தப்பிக்க இயலாது. அகராதியில் அவர் பேணிய உறுதி, வாய்ப்பு, ஒப்பீடு என்னும் வேறுபாடு, இலக்கிய வரலாற்றில் பல இடங்களில் மங்கிவிடுகிறது. வச்சிரநந்தி பற்றிய கருத்து இதற்கு ஏற்ற சான்று. வச்சிரநந்தி என்னும் சமண ஆசிரியர் தென்மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவியதாகத் தேவசேனரின் தரிசனசாரம் கூறுகிறது. விக்கிரம ஆண்டு 526, அதாவது ஏறத்தாழ கி.பி. 470, என்பது அந்நூல் தரும் காலம். தரிசனசாரமோ 10ஆம் நூற்றாண்டில் எழுந்த பிராகிருத நூல்; தான் கூறும் நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் பிற்பட்டது. மேலும் அது கூறும் சங்கம் சமணத் துறவியரின் ஒரு பிரிவு. அது மொழியாய்வுக் கழகமாக இருந்ததென அந்நூல் கூறவில்லை. வையாபுரிப்பிள்ளையோ அச்சங்கத்தைத் தமிழ்ச்சங்கக் கதையுடன் தொடர்புபடுத்தி, தொல்காப்பியம் அதன் சூழலில் எழுந்திருக்கலாம் என்னும் எல்லைவரை சென்றார். ஒவ்வொரு படியும் தனித்து நோக்க இயல்வதே. ஆனால் இயல்வது ஒன்றன்மேல் இயல்வது மற்றொன்றை ஏற்றினால், கட்டடத்தின் உறுதி மேலே செல்லச் செல்லக் குறைகிறது. எழுத்தின் தொனியோ அதற்கேற்பத் தாழவில்லை.

இங்குதான் முன்னர்க் குறிப்பிட்ட வழக்கறிஞர் பழக்கம் புலப்படுகிறது. வழக்கறிஞரின் கடமை தம் கட்சிக்குச் சார்பான அனைத்தையும் திரட்டி வைப்பது. எதிர்ச்சான்றைத் திரட்டுவது எதிர்வழக்கறிஞரின் பணி. ஆய்வாளருக்கு இவ்வேலைப்பகுப்பு இல்லை. இரு கட்சிக்கும் அவரே வாதிட வேண்டும். நூல்களுக்கிடையே ஒப்புமை காணுமிடங்களில், கடன்பெற்றது தமிழ்நூலாகவே இருக்கவேண்டும் என்னும் முடிவுக்கு அவர் விரைந்து சென்றார் என்பதே என் கருத்து. இரு நூலும் பொதுவான முந்திய மரபிலிருந்து பெற்றிருக்கலாம் என்னும் வாய்ப்புக்கு அவர் போதிய இடமளிக்கவில்லை. ஒரு நூலில் ஒரு செய்தி குறிக்கப்படாமையைக் கொண்டு அது அக்காலத்தில் இல்லை என முடிவுசெய்யும் முறையையும் அவர் அளவுக்கு மேல் நம்பினார். இவை கருத்துத்திருட்டோ பொய்த்தரவோ அல்ல. ஒழுங்குவிதிகளின் எப்படிநிலையிலும் அடங்காதவை. எனினும் ஆய்வுப் பொறுப்பு என்னும் தலைப்பின்கீழ் ஆய்வு மாணவருடன் நெடுநேரம் விவாதிக்கத் தக்கவை இவையே. திருட்டைச் செய்பவர் சிலர். ஊகத்தை முடிவாக எழுதாதோர் மிகச்சிலர்.

தொனி எவ்வாறிருப்பினும், எதிர்த்தோரின் விருப்பத்துக்கு ஏற்பத் தம் முடிவை வளைக்கவோ மென்மையாக்கி எழுதவோ அவர் உடன்படவில்லை என்பதையும் மறத்தலாகாது. கருத்தை மாற்றிக்கொண்டிருந்தால் பாராட்டும் பரிசும் எளிதில் வந்திருக்கக்கூடிய காலம் அது.

திருவனந்தபுரமும் இறுதி ஆண்டுகளும்

சென்னைப் பல்கலைக்கழகப் பணியினின்று ஓய்வுபெற்றபின், 1951 முதல் 1954 வரை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் பேராசிரியராகப் பணியாற்றினார். அகராதியில் அவருடன் உழைத்த மு. இராகவையங்கார் அத்துறையில் அவருக்கு முன்னவர். இளமையில் சட்டம் பயின்ற ஊருக்கே ஆய்வு நெறியாளராகத் திரும்பினார் எனலாம். அகராதிச் சீட்டுகளிலும் சுவடி ஒப்பீட்டிலும் கழிந்த ஆண்டுகளின் பயனை அவர் கட்டுரைகளாக எழுதித் தந்த காலம் ஏறத்தாழ இதுவே. தமிழர் பண்பாடு, தமிழ்ச் சுடர்மணிகள் ஆகியன 1949இலும், இலக்கிய தீபம் 1952இலும் வெளிவந்தன. ராஜி என்னும் நாவலையும் அவர் எழுதியுள்ளார் என்பது அவரைக் காலக்கணிப்பாளராக மட்டும் அறிந்தோர்க்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

1956ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் அவர் காலமானார். தமிழ்மொழி, இலக்கியம் ஆகியவற்றின் வரலாறு குறித்து ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் அவ்வாண்டிலேயே வெளியாயிற்று. காவிய காலம் அடுத்த ஆண்டில் வந்தது. அவற்றின் மீதான விவாதத்தில் விடையளிக்க அவர் இல்லை. இறந்தவரின் கூற்றை மறுப்போர், அவர் இருந்திருந்தால் கூறக்கூடிய மறுமொழியையும் தாமே எண்ணிப் பார்த்து எழுதுவது முறையாகும். அவர் திறத்தில் அம்முறை பெரிதும் பின்பற்றப்பட்டதாகக் கூற முடியவில்லை. அவரை ஏற்போரும் அவர் முடிவுகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு அவர் காட்டிய சான்றுகளைச் சரிபாராது மேற்கோளாக அடுக்கினர். முழுதும் மறுத்தலும் முழுதும் ஏற்றலும் மூலத்தைத் திறந்து பார்க்காமலேயே செய்யக்கூடியவை.

அவர் வாழ்நாள் முழுவதும் திரட்டிய நூல்களும் சுவடிகளும் கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்துக்குச் சென்றன. அங்கே அவர் பெயரிலேயே தனித்தொகுப்பாக வைக்கப்பட்டுள்ளன. அவர் பதிப்புகளில் காட்டிய பாடங்களை மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் தமிழ் ஆய்வாளர் இன்றும் அந்நூலகத்தை நாடிச் செல்லலாம்.